கட்டையும் பிளாஸ்டிக்கும்

எங்கள் ஆயுதக் கிடங்குக்குள் கால் வைக்கிற ஒவ்வொருத்தனும் துப்பாக்கியில் டாக்டர் பட்டம் வாங்கினவன்தான். வாசலில் பூட்ஸைத் தட்டிவிட்டு வருவான். ஸ்டாண்டில் நிற்கிற ரைபிள்களைச் சந்தையில் மாடு வாங்குகிறவன் மாதிரி மேலும் கீழும் பார்ப்பான். "ஏட்டம்மா, எனக்குக் கட்டையத் தாங்க. அந்தப் பிளாஸ்டிக் சனியன் வேண்டாம்" என்பான். எது கையில் வருகிறதோ அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். முறைப்பான். முறைத்தால் முறைக்கட்டும், எனக்கென்ன.

கட்டை என்றால் பழைய ரைபிள், பின்பக்கம் மரத்தில் செய்தது. பிளாஸ்டிக் என்றால் அதே ரைபிளின் புதிய வகை, பின்பக்கம் கறுப்புப் பிளாஸ்டிக். இரண்டும் வேலை செய்கிற விதம் ஒன்றுதான். விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். ராஜபாளையத்தில் ஆயுதப்படையின் கிளைக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிற ஆர்மரர் நான். இரண்டு வகையையும் பிரித்து மேய்ந்தே என் தலைமுடி நரைத்தது. என் பெயர் பொன்மணி. எது நல்லது என்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருத்தனும் கேட்டதில்லை.

கட்டையில் ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் உடம்புக்கு அரம் போட்டு, பார்த்துப் பார்த்துப் பொருத்தியிருப்பார்கள். ரைபிளின் எண்ணையே பாகத்திலும் குத்தியிருப்பார்கள். கையில் எடுத்தால் கனமாக, நிதானமாக உட்காரும். ஆனால் மழையில் மரம் ஊறும், ஆணி துருப்பிடிக்கும். பிளாஸ்டிக்கில் மேல்பூச்சு மட்டம். ஓரங்கள் கையைக் கிழிக்கும், குறிபார்க்கிற முள் லேசாக ஆடும். ஆனால் உள்ளே அளவு சுத்தம். ஒன்றின் பாகத்தை எடுத்து இன்னொன்றில் போடலாம். கட்டை என்பது ஒரே வீட்டில் வளர்ந்த குடும்பம். பிளாஸ்டிக் ஹாஸ்டல் மாதிரி, யார் எந்தக் கட்டிலிலும் படுக்கலாம். இதில் எது உசத்தி, எது மட்டம்? ரெண்டும் சுடும். ரெண்டையும் ஒழுங்காக வைத்துக்கொண்டால் ரெண்டும் ஆளைக் காப்பாற்றும்.

ஆனால் துப்பாக்கிப் போட்டி வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. புதிய ரைபிளின் குழாய் நேராகச் சுடும். பழையதின் விசை வெண்ணெய் மாதிரி இழுபடும். அதனால் துடைக்கிறேன் என்று உட்கார்ந்து, கட்டையின் பாகத்தைக் கழற்றிப் பிளாஸ்டிக்கில் போட்டு, பிளாஸ்டிக்கினுடையதைக் கட்டையில் போட்டு வைப்பார்கள். அதற்கு 'சம்பந்தம் பண்ணுறது' என்று பெயர் வேறு. "என்ன மாப்ள, உன் பிளாஸ்டிக்குக்கு வரன் அமைஞ்சிருச்சா?" என்று ஒருத்தனை ஒருத்தன் கேலி பேசிக்கொள்வார்கள். போட்டி முடிந்ததும் திருப்பி மாட்டிவிட வேண்டும். என் கண்ணில் பட்டால் கிழி கிழியென்று கிழிப்பேன். அதனால் என் கண்ணில் படாமல் செய்வார்கள்.

என் தம்பி முத்துப்பாண்டி செத்தது ஒரு பிளாஸ்டிக் ரைபிளில்.

தேர்தல் முடிந்து, ஓட்டு எந்திரங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் பூட்டி வைத்திருந்தார்கள். அறை வாசலில் காவல் நிற்கிறவர்கள் மட்டும் குண்டை ஏற்றி, சேஃப்டி போட்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. எங்கள் படையிலேயே இருந்த தம்பியின் காவல் நேரம் முடிந்தது. மாற்றிவிட வந்தவன் ஜெயபாண்டி, சேத்தூர்க்காரன். தம்பிக்குப் பூட்ஸ் கயிறு அவிழ்ந்து கிடந்திருக்கிறது. "இதச் செத்த பிடி மாப்ள" என்று ரைபிளை அவன் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்திருக்கிறான். ஜெயபாண்டி அதை வாங்கிக் கருங்கல் படியில் ஊன்றியிருக்கிறான். வெடித்துவிட்டது. குண்டு கழுத்தில் பாய்ந்தது.

"விசையத் தொடவே இல்லக்கா, சும்மா ஊன்றத்தான் செஞ்சேன்." பிணவறை வாசலில் ஜெயபாண்டி என் காலைப் பிடித்துக்கொண்டு இதையே சொன்னான். எழுப்பி நிறுத்தி அறைந்தேன். ஊன்றினால் வெடிக்கிற ரைபிளை நான் கிடங்கிலிருந்து வெளியே அனுப்புவதில்லை. அது எனக்குத் தெரியும். அப்படியானால் அவன் விரல் விசையில் இருந்திருக்க வேண்டும். போதாததற்கு, முந்தின வாரம் சித்திரைப் பொங்கலுக்கு ரெண்டு பேரும் லீவு கேட்டு, தம்பிக்கு மட்டும் கிடைத்திருந்தது. "நீ நல்லாவே இருக்க மாட்டலே" என்று மெஸ்ஸில் ஜெயபாண்டி கத்தியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். அவனை சஸ்பெண்ட் செய்தார்கள். விசையை இழுக்காமல் அந்த ரைபிள் வெடிக்காது என்று தடயவியல் ஆய்வகத்தார் எழுதிக் கொடுத்தால் கொலை வழக்குத்தான், ஆயுளுக்கும் ஜெயில்தான் என்று பேசிக்கொண்டார்கள். நான் அந்த அறிக்கைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

அவன் பெண்டாட்டி ஈஸ்வரி ஒருநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வந்த?" என்றேன்.

"அக்கா, நீங்க துப்பாக்கியப் பத்தித் தெரிஞ்சவுக. ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. அவிய தொடவே இல்லைன்னு சொல்லுதாவ."

"செத்தது உன் தம்பியா, என் தம்பியா?"

"அவிய சோத்தக்கூட இடது கையாலதான் திங்காவ. வலது கைய மடியில போட்டுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருக்காவ. பைத்தியம் பிடிச்சிரும்போல இருக்குக்கா."

"நல்லா நடிக்கச் சொல்லு" என்று கதவைச் சாத்தினேன். உள்ளே தம்பி பெண்டாட்டி செல்வலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்டு எழுதியிருந்தோம். சாப்பாட்டுக்கு அதை நம்பித்தான் இருந்தாள்.

ஆய்வகத்திலிருந்து வந்தவள் பெயர் சிவரஞ்சனி. சின்ன வயசு, ஆனால் வேலை தெரிந்தவள். வந்ததும் காபிகூடக் குடிக்கவில்லை. "அந்த ரைபிள மட்டும் பாத்தா பத்தாது. உங்ககிட்ட இருக்கிற பழசுல சிலது, புதுசுல சிலது வேணும். ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கணும்" என்றாள். எடுத்து அடுக்கிக் கொடுத்தேன். தம்பியைக் கொன்ற ரைபிளை மட்டும் நான் தொடக்கூடாது, செத்தவனின் அக்கா என்பதால். கையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். டி.எஸ்.பி. ஐயா எதிரே உட்கார்ந்திருந்தார்.

குண்டு இல்லாத வெற்றுத் தோட்டாவை ஏற்றி, சேஃப்டி போட்டு, ஒவ்வொரு ரைபிளாகக் கருங்கல் பலகையில் இடித்தாள் சிவரஞ்சனி. முதலில் மெதுவாக, பிறகு இடுப்பு உயரத்திலிருந்து. கட்டை ஒன்றும் வெடிக்கவில்லை. பிளாஸ்டிக்கும் வெடிக்கவில்லை. பார்த்தாயா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். என் கிடங்கு அப்படி.

கடைசியாக அந்த ரைபிளை எடுத்தாள். கணுக்கால் உயரத்திலிருந்து, ஒரு ஆள் காவல் நிற்கும்போது எப்படி ஊன்றுவானோ அப்படித்தான் ஊன்றினாள்.

டப் என்றது.

நான் எழுந்துவிட்டேன். அவள் விரல் விசைக்குப் பக்கத்திலேயே இல்லை. மறுபடி ஊன்றினாள். மறுபடி டப். என் வலது உள்ளங்கை திகுதிகுவென்று எரிந்தது. ஜெயபாண்டியை அறைந்த கை அது.

டி.எஸ்.பி. ஐயா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். நல்ல மனுஷன் அவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். "பிளாஸ்டிக்தான மேடம் இது? நம்மாளுக அப்பவே சொன்னாங்க, புதுசு சரியில்லன்னு. அப்படியே எழுதிருங்க. அந்தப் பயலும் தப்பிச்சிருவான், முத்துப்பாண்டி குடும்பத்துக்கும் வேலை கிடைச்சிரும். பிளாஸ்டிக்க எல்லாம் திருப்பி அனுப்பிட்டு ஆளுக்கொரு கட்டையக் கொடுத்துருவோம்" என்றார்.

"மத்த பிளாஸ்டிக் ஒண்ணும் வெடிக்கலயே சார்" என்றாள் அவள். "திறந்து பாத்துட்டு எழுதுறேன்."

திறந்தாள். உள்ளே, குண்டின் அடியில் போய் அடிக்கிற சுத்தி ஒன்று இருக்கும். விசையை இழுக்கும்வரை அதைப் பிடித்து வைக்கிற சின்ன இரும்புக் கொக்கி ஒன்று இருக்கும். அதற்கு சியர் என்று பெயர். சியரை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தாள். அரம் போட்ட தடம் பளபளவென்று தெரிந்தது. பக்கவாட்டில் எண் குத்தியிருந்தது. அந்த ரைபிளின் எண் அல்ல.

"இது பழைய ரைபிளோட சியர். சுத்தியில நுனிதான் பிடிக்குது. லேசா இடிச்சாப் போதும், வழுக்கிரும். ஏட்டம்மா, உங்க கிடங்குல மாத்துனீங்களா?"

நான் எண்ணைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. அரக்குச் சிவப்பு நகப்பாலிஷ். ஆடிப்பூரத் தேருக்குப் போனபோது ரத வீதிக் கடையில் செல்வலட்சுமி பேரம் பேசி வாங்கினது. தையில் போட்டி நடந்த சமயம், "என் நகப்பாலிஷ எடுத்து எதுக்கோ பூசுதாவ மதினி, கேட்டா சிரிக்காவ" என்று அவள் என்னிடம் குறை சொன்னாள். தம்பி அந்த வருசம் மாவட்டக் கோப்பையை ஜெயித்தான். கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, "ஏட்டம்மா, சல்யூட்!" என்று நின்றான். நானும் பெருமையில் பூரித்துப் போனேன்.

சம்பந்தம் பண்ணியிருக்கிறான். என் தம்பி, என் கிடங்கில், என் கண்ணில் மண்ணைத் தூவி.

ஐயா என் முகத்தையே பார்த்தார். சும்மா இரு என்று அந்தப் பார்வை சொன்னது. ஒரு நொடி நானும் நினைத்தேன். பிளாஸ்டிக் சரியில்லை என்றால் ஊரே நம்பும், நம்பக் காத்திருக்கிறது. தம்பி பெயருக்கும் பங்கமில்லை, செல்வலட்சுமி வேலைக்கும் பங்கமில்லை. செத்தவன் மேலேயே தப்பு என்று வந்தால் அந்த வேலையைத் தரமாட்டார்கள். ஜெயபாண்டியும் வெளியே வந்துவிடுவான்.

அப்புறம்தான் உறைத்தது. இந்தக் கொக்கி இங்கே இருக்கிறதென்றால், இதை எடுத்த கட்டைக்குள் எந்தக் கொக்கி இருக்கிறது? எண்ணைப் படித்தேன். எந்த ரைபிள் யார் தோளில் தொங்குகிறது என்பது எனக்கு மனப்பாடம். செண்பகத்தோப்பு, வனத்துறைச் சோதனைச்சாவடி, அங்கே காவல் நிற்கிற மொக்கைச்சாமி.

"மாத்துனது கிடங்கு இல்ல மேடம்" என்றேன். "என் தம்பி. இதோட ஜோடி இன்னொரு ரைபிள்ல இருக்கு. அது இப்ப ஒருத்தன் தோள்ல இருக்கு."

பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்தேன். அங்கே டவர் கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைத்தது.

"மொக்கைச்சாமி, ரைபிள் எங்க இருக்கு?"

"தோள்லதான்க்கா. ஏன்?"

"குண்டு ஏத்திருக்கியா?"

"காலைல யானை தோப்புக்குள்ள வந்துச்சுன்னு ஏத்துனேன். சேஃப்டி போட்டுத்தான் இருக்கு."

"நல்லாக் கேட்டுக்கோ. அதக் கீழ வைக்காத, ஊன்றாத, சாத்தாத. குண்ட இறக்குறேன்னு போட்டு ஆட்டாத. மெதுவாத் தோள்லருந்து எடுத்து, குழாய் வானத்தப் பாக்க ரெண்டு கையால பிடிச்சிட்டு நில்லு. பக்கத்துல ஒரு பயல அண்ட விடாத. நான் வாரேன்."

"எம்புட்டு நேரம்க்கா?"

"நான் வார நேரம் வரைக்கும்லே!"

ஐயாவின் ஜீப்பிலேயே போனோம். சிவரஞ்சனியும் கூட வந்தாள். வில்லிபுத்தூர் பஜாரில் ஒரு லாரிக்காரன் குறுக்கே நிறுத்தி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். நான் ஜன்னலில் தலையை நீட்டிப் போட்ட சத்தத்தில் மூட்டையோடு ஓடினான். 

செண்பகத்தோப்பில் சாவடி வாசலில், வெட்ட வெயிலில் மொக்கைச்சாமி நின்றிருந்தான். ரைபிளைப் பச்சைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்து, மேலே தூக்கிப் பிடித்திருந்தான். கை ரெண்டும் வெடவெடவென்று ஆடின. வனத்துறை ஆட்கள் தூரத்தில் மாமரத்துக்குப் பின்னால் ஒண்டியிருந்தார்கள். "அக்கா, மூக்கு அரிக்குதுக்கா" என்றான். குரலில் அழுகை இருந்தது.

"இரு, இரு" என்று கிட்டப் போனேன். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கினேன். மண்மேட்டைப் பார்க்கக் குழாயைத் திருப்பி, மேகசினைக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குண்டை இறக்கினேன். அது புல்லில் விழுந்தது. மொக்கைச்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அவனுக்கு ரெண்டும் பெண்பிள்ளைகள்.

சிவரஞ்சனி வெற்றுத் தோட்டா போட்டு அந்தக் கட்டையையும் படியில் ஊன்றிப் பார்த்தாள். டப் என்றது. திறந்தோம். உள்ளே மெஷினில் வெட்டிய புதுக் கொக்கி. அதிலும் அரக்குச் சிவப்பில் ஒரு பொட்டு.

ரெண்டிலும் ஒரே பொட்டு. எதற்கு எது ஜோடி என்று மறந்துவிடக்கூடாதென்று வைத்திருக்கிறான். போட்டி முடிந்ததும் திருப்பி மாட்டத்தான் நினைத்திருக்கிறான். அதற்குள் கட்டையைச் செண்பகத்தோப்புக்கு அனுப்பிவிட்டார்கள், இவனையும் தேர்தல் வேலைக்கு இழுத்துவிட்டார்கள். என்னிடம் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். திட்டிவிட்டு நானே போய் மாட்டிக்கொடுத்திருப்பேன். அட மடப்பயலே, அக்கா திட்டுவாளென்றா பயந்தாய்? பிணவறையில் வராத அழுகை அங்கே வந்தது. யார் பார்க்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் செல்வலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் எழுந்து உள்ளே போய் நகப்பாலிஷ் குப்பியை எடுத்து வந்தாள்.

"இதா மதினி?"

"இதான்."

"அப்ப அவிய செஞ்ச வேலைதான் அவியளயே கொன்னுருக்கு."

"ஆமா."

"வேல கிடைக்காதுல்ல?"

"தெரியலடி. ஐயா பேசிப் பாக்கேன்னு சொல்லிருக்காரு. கிடைக்காமலும் போகலாம். நான் இருக்கேன்."

குப்பியைக் கையில் வைத்து உருட்டினாள். நான் அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பிளாஸ்டிக் மேலேயே பழியைப் போட்டிருக்கலாமே, உங்களுக்கென்ன வந்தது என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு அந்தப் பிள்ள வாசல்ல நின்னு அழுதுச்சுல்ல மதினி" என்றாள். "வண்டிய எடுங்க. நானும் வாரேன்."

சேத்தூரில் ஜெயபாண்டி வீட்டில் ஈஸ்வரி அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கரண்டி கையிலிருந்து நழுவியது. அவன் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். ஆளே பாதியாகியிருந்தான். மறுபடி அறைய வந்திருக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"ஜெயபாண்டி, அந்த ரைபிள் ஊன்றினாலே வெடிக்கும்டா. இன்னைக்கு வெடிக்கிறத என் கண்ணால பாத்தேன். ஆய்வகத்தம்மா எழுதிட்டாக. உன் மேல தப்பில்ல" என்றேன்.

அவன் கண்ணைத் திறந்தான். செல்வலட்சுமியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, ஆள்காட்டி விரலைப் பார்த்தான்.

"அப்ப நான் தொடலயாக்கா?" என்றான். "தினம் தினம் எல்லாரும் கேக்கக் கேக்க, தொட்டிருப்பனோன்னு எனக்கே வந்திருச்சு. இழுத்த மாதிரியே இருக்குக்கா. இந்த விரல்ல இன்னும் அது இருக்குக்கா."

"தொடல" என்றேன். "நீ தொடலடா. மாப்ள பிடின்னு முத்துப்பாண்டி சொன்னான், பிடிச்ச. அம்புட்டுதான்."

செல்வலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் உட்கார்ந்தான், உட்கார்ந்தான் என்ன, விழுந்து அழுதான். தட்டில் சோறு ஆறிக் கிடந்தது. அழுகை ஓய்ந்ததும், "சாப்பிடு" என்றேன். பழக்கதோஷத்தில் அவன் இடது கைதான் தட்டுக்குப் போனது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வலது கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. அவனை அறைந்த அதே கையால் அந்தக் கையை இழுத்துச் சோற்றில் வைத்து, "இந்தக் கையால தின்னுலே" என்றேன். ஈஸ்வரி ஓடிப்போய்க் குழம்புச் சட்டியை எடுத்து வந்தாள்.